பல்பு எரிகிறது, எர்த் இருக்கிறதா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கிணறு வெட்டியவர்களுக்கும் போர் போட்டவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு சங்கதியை வீட்டு வயரிங் செய்கிறவர்கள் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. அது மண். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் மேல்மண்ணைக் கொஞ்சம் சீவினால் செம்புராங்கல் வந்துவிடும். நார்த்தாமலை, குடுமியான்மலை வட்டாரத்தில் பல இடங்களில் கடப்பாரை பாறையில் போய்த்தான் நிற்கும். கிழக்கே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையோரத்தில் ஈர மணலும் உப்புக் காற்றும். மூன்று விதமான நிலம். ஆனால் வீடு கட்டும்போது மூன்றிலும் ஒரே மாதிரி ஒரு குழாயை இறக்கி, ஒரு பச்சை வயரைக் கட்டி, “எர்த் போட்டாச்சு” என்று சொல்லிவிடுகிறோம்.

வீட்டு மின்சாரத்தில் வரும் தொல்லைகளைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலோர் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, டியூப்லைட் மினுக்குகிறது என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவை தொல்லைதான், ஆனால் உயிரை எடுப்பதில்லை. உயிரை எடுப்பது எர்த். அதிலும் இருப்பதுபோலத் தெரிந்து இல்லாமல் போன எர்த். அதனால் அதை முதலில் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

ஒரு சாதாரண வீட்டுக்குக் கம்பத்திலிருந்து வருவது இரண்டே வயர். ஒன்று ஃபேஸ், மற்றது நியூட்ரல். ஃபேஸில் வரும் கரண்ட் விளக்கு, ஃபேன், மோட்டார் வழியாகப் போய் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. மூன்றாவதான எர்த் வயர் நம் கொல்லையில் புதைத்த குழாயில்தான் தொடங்குகிறது. ஃபிரிட்ஜுக்குள் ஃபேஸ் வயரின் தோல் உரிந்து இரும்பு உடம்பைத் தொட்டுவிட்டால், கரண்ட் பச்சை வயர் வழியே குழாய்க்கு இறங்கி, மண்ணுக்குள் ஊர்ந்து, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் மின்வாரியம் போட்டிருக்கும் எர்த் வழியாக ஏறி, தன் வட்டத்தை முடிக்க வேண்டும். வழி தாராளமாக இருந்தால் கரண்ட் பெருக்கெடுத்து ஓடும், எம்.சி.பி. விழும், வீடு தப்பிக்கும். வழி குறுகலாக இருந்தால்?

வயரிங் முடிந்த அன்று வழக்கமாக நடப்பது இதுதான். வயர்மேன் தம்பி ஹோல்டரில் ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டி, ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்துக் காட்டுவார். பல்பு பளிச்சென்று எரியும். “பாத்துக்கங்கண்ணே, எர்த் சூப்பரா எடுக்குது” என்பார். வீட்டுக்காரருக்கும் திருப்தி. தம்பி பொய் சொல்லவில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி செய்கிறார். ஆனால் அந்தச் சோதனை நமக்கு வேண்டிய கேள்வியைக் கேட்கவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எரிந்துகொண்டிருக்கும் 100 வாட் பல்பின் மின்தடை ஏறக்குறைய 529 ஓம். நம் வீட்டுக் குழாயின் எர்த் தடை 20 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த் 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த செம்புராங்கல் நிலத்தில் 20 ஓம் ஒன்றும் அதிசயம் இல்லை. மொத்தம் 551 ஓம். 230 வோல்டில் பல்பின் பங்குக்கு 221 வோல்ட் போய்விடும். 230-க்கும் 221-க்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை எந்தக் கண்ணும் பிரித்துச் சொல்லாது. எர்த் 100 ஓமாகக் கெட்டுப்போனாலும் பல்புக்கு 190 வோல்ட் அளவில் கிடைக்கும்; கொஞ்சம் மஞ்சளாக எரியும், அவ்வளவே. எல்.இ.டி. பல்பை மாட்டினால் அந்த மங்கலும் தெரியாது. பல்புக்கு வேண்டியது அரை ஆம்பியருக்கும் குறைவு. அதைக் கடத்த மட்டமான எர்த்தே போதும்.

இப்போது அதே வீட்டில் ஃபிரிட்ஜ் உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டது. இடையில் பல்பு இல்லை. 22 ஓம் மட்டும்தான். 230-ஐ 22-ஆல் வகுத்தால் பத்தரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ஃபிரிட்ஜ் பிளக்குக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருக்கிறார்கள். பத்தரை ஆம்பியரை அது நாள் முழுக்கச் சுமக்கும், விழவே விழாது. பீங்கான் கட்டையில் பழைய பீஸ் கம்பி கட்டியிருந்தாலும் கதை அதுதான். ஃபிரிட்ஜின் உடம்பு 209 வோல்டில் நிற்கும். கதவைத் திறக்க வருகிறவர் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றால் அவர் உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அவர் வழியே 200 மில்லி ஆம்பியர் பாயும். பிடித்த கையை விடமுடியாமல் போக 10 மில்லி ஆம்பியர் போதும். இதயத்தின் துடிப்பு குலைய 30-ஐத் தாண்டினால் வாய்ப்பு தொடங்கிவிடுகிறது. எர்த் போட்ட வீட்டில், எம்.சி.பி. போட்ட வீட்டில், பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிய வீட்டில் இது நடக்கிறது.

இந்தக் கசிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. பத்தரை ஆம்பியர் மண்ணுக்குள் இறங்குகிறது என்றால் கிட்டத்தட்ட 2400 வாட் வீணாகிறது. ஒரு நாளைக்கு 57 யூனிட். பாதிக் கசிவு, கால் கசிவு என்றாலும் இரண்டு மாத ரீடிங்கில் தெரிந்துவிடும். புதிதாக எதுவும் வாங்காமல் பில் மட்டும் எகிறினால் ரீடிங் எடுத்தவரைக் குறை சொல்வதற்கு முன் மீட்டரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இப்போதுள்ள எலெக்ட்ரானிக் மீட்டர்கள் பலவற்றில் ‘எர்த்’ என்றோ ‘இ.எல்.’ என்றோ ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு வைத்திருப்பார்கள். ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பாதபோது அது எரியும். காசு செலவில்லாமல் கிடைக்கிற எச்சரிக்கை. வாசலைத் தாண்டும்போதெல்லாம் கண்ணில் பட்டும் அது எதற்கென்று தெரியாமல் எத்தனையோ பேர் கடந்து போகிறார்கள்.

எர்த்தை மேம்படுத்தலாம், நிச்சயம் மேம்படுத்த வேண்டும். இரண்டரை மீட்டர் நீளமுள்ள 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. குழாயைச் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே புனல் வைத்துத் தண்ணீர் ஊற்ற வழி செய்வதுதான் வழக்கமான முறை. எர்த்திங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043. பாறை குறுக்கிட்டு இரண்டடிக்கு மேல் இறங்காத இடத்தில் குழாயை அறுத்துக் குட்டையாக்கிப் புதைப்பது வீண் வேலை. அங்கே நீளமான ஜி.ஐ. பட்டையை வாய்க்கால்போல வெட்டிய பள்ளத்தில் படுக்கையாகப் போடலாம். குழாய் இறங்கும் இடமானால் இரண்டு குழாய்களை, குழாய் நீளத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளி விட்டு இறக்கி ஒன்றாக இணைக்கலாம். குளியலறைத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் போகும் பக்கம் எப்போதும் ஈரமாக இருக்கும். குழி அங்கே இருப்பது நல்லது. வீட்டு முன்புறம் அழகாக இருக்கட்டும் என்று சிமென்ட் தளத்துக்கு அடியில், மழையே படாத இடத்தில் எர்த் குழியை மூடிவிடுவதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். கடற்கரை ஊர்களில் மண் நன்றாகவே கரண்டை எடுக்கும். அங்கே குழாயும் கிளாம்பும்தான் துருப்பிடித்து நாலைந்து வருஷத்தில் கையோடு வந்துவிடும்.

இவ்வளவு செய்தாலும் பங்குனி, சித்திரையில் மண் காயும்போது எர்த் தடை ஏறத்தான் செய்யும். ஆகவே இந்த மாவட்டத்தில் எர்த் மட்டும் போதாது, அதோடு ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. மெயின் போர்டில் எம்.சி.பி.களுக்கு முன்னால் உட்காரும் இந்தக் கருவி, ஃபேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் ஒரே இரும்பு வளையத்துக்குள் விட்டு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமென்றால் பேசாது. 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால் 0.3 விநாடிக்குள் இரண்டு வயரையும் துண்டித்துவிடும். கசிவு அதைவிடப் பல மடங்கானால் இன்னும் வேகம். மேலே சொன்ன ஃபிரிட்ஜ் வீட்டில் எர்த் 20 ஓம் என்ன, 1000 ஓமாக இருந்தாலும் 230 மில்லி ஆம்பியர் இறங்கும், ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். மோசமான மண்ணிலும் வேலை செய்கிற பாதுகாப்பு இது ஒன்றுதான். நல்ல கம்பெனியின் 40 ஆம்பியர் கருவி இரண்டு மூன்றாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது.

வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் உண்டு. அவை தீயைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி. ஓவர்லோடையோ ஷார்ட் சர்க்யூட்டையோ பார்க்காது, அது எம்.சி.பி.யின் வேலை, இரண்டும் வேண்டும். ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் ஒருவர் பிடித்துக்கொண்டால் இந்தக் கருவிக்கு அவரும் ஒரு பல்பும் ஒன்றுதான், அது விழாது. மூடியில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்துள்ள ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும். விழுந்தால் நல்லது, விழவில்லையென்றால் கருவி செத்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்ததும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழ ஆரம்பிக்கும். வீட்டில் சத்தம் கிளம்பும். சீரியல் பாதியில் நிற்கிறது, மாவு பாதி அரைபட்டு நிற்கிறது. கூப்பிட்ட ஆள் வந்து பார்த்துவிட்டு, “இந்த டப்பா இருந்தா இப்படித்தான்க்கா, தூக்கிட்டு டைரக்டா குடுத்துர்றேன்” என்பார். கொடுத்தும் விடுவார், தொல்லை தீர்ந்ததென்று எல்லோரும் நிம்மதியாவார்கள். கசிவு அப்படியேதான் இருக்கும். அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே வாயை அடைத்திருக்கிறார்கள். இதற்குச் சம்மதிக்கவே கூடாது.

கசிகிற இடத்தைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமும் இல்லை. முதலில் எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு. அந்த வரிசையின் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இப்போது நின்றால் குற்றவாளி ஏதோ ஒரு சாமான். ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் சிக்கிவிடும். கீசர் காயில், வாஷிங் மெஷின், கிரைண்டர், போர் மோட்டார் கேபிளின் ஜாயின்ட் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பிளக்குகளைப் பிடுங்கிய பிறகும் விழுந்தால் கோளாறு வயரிங்கில்: மழை படும் வாசல் விளக்கு, காம்பவுண்டு கேட் விளக்கு, மாடிப்படி சுவிட்ச் பெட்டி, ஓதம் ஏறிய சுவருக்குள் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ். சுவிட்ச் பெட்டிக்குள் எறும்பு மண் கட்டியிருப்பதும் பல்லி காய்ந்து கிடப்பதும் நம் ஊரில் சர்வ சாதாரணம். ஈரம் சேர்ந்தால் அதுவே கசிவுக்கு வழி.

இதில் நல்ல வயர்மேனையும் சுற்றவைக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் போடும் எம்.சி.பி. பெரும்பாலும் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் வெட்டுப்படாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒரு பெட்டியில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த வரிசையின் எம்.சி.பி.யை இறக்கினாலும் தொடுப்பு போகாது. வேறொரு அறையில் அயர்ன் பாக்ஸ் போட்டதும் அதன் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகப் பிரிந்துபோய் ஆர்.சி.சி.பி. விழும், எல்லோரும் அயர்ன் பாக்ஸைக் கழற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே மெயினை இறக்கிவிட்டு, நியூட்ரல் பாரிலிருந்து ஒவ்வொரு நியூட்ரலாகக் கழற்றி எர்த்தோடு தொடர்பு இருக்கிறதா என்று, வயர் தோலின் தடையை அளக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்ப்பதே வழி. இன்வெர்ட்டர் வைத்த மறுநாளிலிருந்து விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் வேறு: இன்வெர்ட்டர் போட வந்தவர் ஒரு வரிசையின் ஃபேஸை எடுத்து, கைக்கு எட்டிய இன்னொரு வரிசையின் நியூட்ரலோடு சேர்த்துவிட்டிருப்பார். வயரிங்கைத் திருத்தினால் சரியாகிவிடும், கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.

எர்த் விஷயத்தில் இரண்டு கெட்ட வழக்கங்களைச் சொல்லாமல் நகர முடியாது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு: செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். இரண்டு ஓட்டை சாக்கெட்டில் போகவில்லை என்று அதை ஒடித்துவிட்டுக் கிரைண்டர் ஓட்டுகிறோம். தரையெல்லாம் ஈரமாக இருக்கும் இடத்தில் ஓடும் சாமான் அது. இரண்டாவது இதைவிடப் பொல்லாதது. எர்த் வயர் இழுக்காத வீட்டில், சாக்கெட்டின் எர்த் முனையை அங்கேயே நியூட்ரலோடு சின்ன ஜம்பர் வைத்து இணைத்துவிடுவது. எங்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த நொடியே கிரைண்டரின் இரும்பு உடம்புக்கு முழு ஃபேஸும் வந்துவிடும்.

அடுத்தது சூடு. சுவிட்ச் போர்டில் கருகல் வாடை, பிளக் பின் பழுப்பாவது, சாக்கெட் முகம் உருகுவது எல்லாவற்றுக்கும் மூலம் பெரும்பாலும் ஒன்றே: லூஸ் கான்டாக்ட். 2000 வாட் கீசர் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கிறது. அதன் வழியில் சரியாக முடுக்காத ஒரு ஸ்குருவில் ஒரே ஓம் தடை இருந்தால் அந்தப் புள்ளியில் 70 வாட் அளவுக்குச் சூடு கிளம்பும். சால்டரிங் அயர்ன் 25 வாட்டிலேயே ஈயத்தை உருக்குகிறது. இங்கே எம்.சி.பி. உதவிக்கு வராது, லூஸ் கான்டாக்டில் கரண்ட் கூடுவதில்லை, கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. விளக்கு மினுக்குவதும் சுவிட்சில் ‘கிர்ர்’ என்ற சத்தமும்தான் அறிகுறி. மெயினை இறக்கி ஸ்குருவை முடுக்கினால் போதும் என்பது தொடக்கத்தில் உண்மை. வயர் முனை கறுத்துவிட்டால் கறுத்ததை வெட்டிவிட்டுப் புது முனை எடுக்க வேண்டும். சாக்கெட்டையும் மாற்ற வேண்டும்.

பழைய வீடுகளில் ஆபத்து இன்னும் கூடுதல். திருமயம் பக்கம் ராயவரம், ராங்கியம், விராச்சிலை போன்ற ஊர்களின் செட்டிநாட்டு வீடுகளில் மரப்பட்டை மேல் ஓடும் ரப்பர் தோல் வயர்கள் இன்னும் மிச்சமிருக்கும் இடங்கள் உண்டு. அந்த ரப்பர் வயதாகி, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். பீங்கான் சுவிட்சையும் பர்மா தேக்குப் பலகையையும் அழகுக்காக வைத்துக்கொள்ளலாம். வயரை வைத்துக்கொள்ளக் கூடாது. குடிசை வீட்டின் கதை வேறு. ஒரு விளக்குக்கென்று வந்த இணைப்பு அது. 2006-க்குப் பின் அரசு கலர் டிவி வந்தது, 2011-க்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. சாமான்கள் வந்தன, வயரிங் வரவில்லை. ஒரு விளக்கின் வயரிலிருந்து பிரித்து, அதிலிருந்து மீண்டும் பிரித்து, டேப் சுற்றி இழுத்த வயர்களில்தான் இன்றும் பல வீடுகள் ஓடுகின்றன.

எம்.சி.பி. விழுகிறதே என்று பெரிய எம்.சி.பி. போடுவதும் ஆர்.சி.சி.பி.யைத் தூக்குவதற்குச் சமமான தவறு. எம்.சி.பி. காப்பது சாமானை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. விளக்குக்கு ஓடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், பவர் பிளக்கின் 2.5-க்கு 16, ஏ.சி., பெரிய கீசருக்கு இழுக்கும் 4-க்கு 20 அல்லது 25 என்று வைத்துக்கொண்டால் பாதுகாப்பு. 1.5 வயரின் தலையில் 32 ஆம்பியரை வைத்தால் பைப்புக்குள் வயர் வெந்துபோகும் வரை அது வாய் திறக்காது. இண்டக்‌ஷன் அடுப்பைக் கன்வெர்ட்டர் பின் வைத்துச் சின்ன சாக்கெட்டில் செருகுவதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

நியூட்ரல் அறுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு அறையில் எதுவும் எரியவில்லை, டெஸ்டரை வைத்தால் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது என்றால் “ரெண்டுலயும் கரண்டு வருதே” என்று குழம்ப வேண்டாம். வரும் வழியில் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. ஆன் செய்திருக்கும் ஏதோ ஒரு விளக்கின் வழியாக ஃபேஸ் மறுபக்கத்துக்கும் வந்து நிற்கிறது. அந்த வெறும் நியூட்ரலைத் தொட்டாலும் அடிக்கும்.

இதுவே தெருவில், கம்பத்தில் நடந்தால் விளைவு பெரிது. வீடுகளுக்கு மூன்று ஃபேஸ்களைப் பங்கிட்டுத்தான் கொடுத்திருப்பார்கள். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே 400 வோல்ட். தென்னை மட்டை உரசி நியூட்ரல் மட்டும் அறுந்துவிட்டால் இரண்டு வீடுகள் அந்த 400 வோல்டின் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்கின்றன. ஒரு வீட்டில் 2000 வாட் ஓடுகிறது, எதிர்வீட்டில் டிவியும் விளக்குமாக 200 வாட். சுமை குறைந்த வீட்டுக்கு 360 வோல்டுக்கு மேல் ஏறும். சுமை கூடிய வீட்டுக்கு 40 கூட இருக்காது. சிக்கனமாக ஓட்டியவர் வீட்டு டிவிதான் புகையும். ஒரு விளக்கு கண்ணைக் கூசும்படியும் ஃபேன் சூறாவளியாகவும் போனால் காரணம் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். பிறகு வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் சொல்லுங்கள். மீட்டர் வரைக்கும் வாரியத்தின் பொறுப்பு, மீட்டருக்கு அப்பால் நம்முடையது.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு ஆபத்து தொங்கிக்கொண்டிருக்கிறது. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரை ஒரு ஜி.ஐ. கம்பியில் கட்டித்தான் இழுத்து வருவார்கள். வெயிலில் தோல் வெடித்து, காற்றில் உரசி, ஃபேஸ் அந்தக் கம்பியைத் தொட்டுவிடும். அதே கம்பியிலோ அது கட்டியிருக்கும் இரும்புக் குழாயிலோ துணி காயப்போடும் கொடிக்கம்பியின் ஒரு முனையைக் கட்டியிருப்பார்கள். ஈரத் துணியை வீசிய பெண்ணும், அவளைப் பிடித்து இழுக்க ஓடிய கணவனும் சேர்ந்து இறந்துபோகும் செய்தி மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் எங்காவது ஓரிடத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கசிவு மீட்டருக்கு வெளியே நடப்பதால் வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் அதைப் பார்க்காது. கொடிக்கு இரும்புக் கம்பி வேண்டாம். நைலான் கயிறு போதும். யாராவது மாட்டிக்கொண்டால் தொடாமல் காய்ந்த மரக்கட்டையால் தள்ளி விலக்கிவிட்டு 108-ஐ அழையுங்கள். மூச்சில்லாமல் கிடந்தால் வண்டி வரும்வரை மார்பின் நடுவே இரண்டு கையாலும் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது இந்த மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, அறந்தாங்கிப் பக்கம் தென்னையோடு சேர்ந்து கம்பங்களும் சாய்ந்தன. கரண்ட் திரும்பப் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். அவசரத்துக்குச் சிலர் ஜெனரேட்டர் வயரை நேரே ஒரு பிளக்கில் செருகி வீட்டை ஓட்டுவது உண்டு. மெயினை இறக்க மறந்தால் அந்த 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியே வெளியேறி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து மேலே உள்ள 11,000 வோல்ட் லைனுக்கு ஏற்றிவிடும். சாதாரண நாளில் தெருவின் சுமை ஜெனரேட்டரை அமுக்கி நிறுத்திவிடும். லைன்கள் அறுந்து சுமை விலகிய புயல் நாளில் அந்தத் தடையும் இல்லை. வெளியூர்களிலிருந்து வந்து, இருட்டில், தண்ணீரில் நின்று நமக்காக லைன் இழுத்துக்கொண்டிருப்பவர் செத்த கம்பி என்று நம்பித்தான் அதைத் தொடுவார். ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீட்டுக்குச் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் வேண்டும். ஒரு பக்கம் தள்ளினால் வாரியம், மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், இரண்டும் ஒருபோதும் சேரக்கூடாது. இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை இறக்கிவிட்டு சுவிட்ச் பெட்டியைத் திறப்பவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்: இன்வெர்ட்டரையும் தனியாக நிறுத்தாதவரை அந்தப் பெட்டிக்குள் கரண்ட் இருக்கிறது.

வயரிங் செய்ய ஆள் தேடும்போது மின் உரிம வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். வேலை முடிந்ததும் பல்பை எரித்துக் காட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, இத்தனை ஓம் என்று ஒரு எண் சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் மெயின் போர்டு கதவின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் அளந்திருந்தால் அடுத்த சித்திரையில், குழியில் தண்ணீர் ஊற்றாமல், இன்னொரு முறை அளந்து பக்கத்திலேயே எழுதட்டும்.